திருப்பிச் சொல்லுங்க

ஜூன் ஒன்பதாம் தேதி மதியம், குழந்தைகள் மருத்துவமனையின் இரண்டாம் மாடி ஆலோசனை அறையில், ஐந்து வயதுச் சிறுமிக்கு மறுநாள் நடக்கவிருந்த குடலிறக்க அறுவை சிகிச்சை பற்றி அவளுடைய பெற்றோருக்கு விளக்கப்பட்டது.

விளக்கிய ஆலோசகியை நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் 'டீச்சர்' என்பார்கள். பெற்றோர் என்ற இனத்தின் மேலேயே டீச்சருக்கு மதிப்பு கிடையாது. பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் வாட்ச்மேனிடம் சந்தேகம் கேட்கும் கூட்டம். அதனால் சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பாள். பினாயில் நெடியும் ஈர மாப்பின் வாடையும் கலந்த அறையில், ஏசியின் முனகலுக்கு மேல் குரலை உயர்த்தி, மயக்க மருந்து, சின்னக் கீறல், தையல், சாயங்காலமே வீடு என்று சொல்லி முடித்தாள்.

"எங்க, சொல்லுங்க பாப்போம்."

அப்பா தொண்டையைச் செருமினார். "வெறும் வயித்தோட கூட்டிட்டு வரணும். மயக்கம் குடுப்பாங்க. முழிச்சதும் அம்மான்னு கூப்பிடும். பதில் சொல்லக் கூடாது."

"என்னது?"

"அது எங்க பாப்பா இல்லைன்னு சொன்னீங்களே மேடம்."

"காதுல என்ன பஞ்சா சார்? முழிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும், பேசணும்னேன். ஏம்மா, நீங்களாவது கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்." அம்மாவின் பார்வை டீச்சரின் உதட்டை விட்டு அகலவில்லை. "பார்க்க அவளாட்டமே இருக்கும். அழும். ஏமாந்துடாதீங்கன்னீங்க."

"ஒரு மண்ணும் ஏறல உங்களுக்கு!"

முதலிலிருந்து ஆரம்பித்தாள். மெதுவாக. ஒவ்வொரு வார்த்தையாக. அம்மாவின் முகம் வெளிறியது. அப்பா மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றபோது, அம்மா வாய்விட்டு அழுதாள்.

டீச்சர் நிறுத்தினாள்.

அவள் இன்னும் பேசிக்கொண்டிருப்பதுபோல அவர்கள் தலையாட்டினார்கள்.

டீச்சர் வாயை இறுக மூடினாள். உதட்டைக் கையால் பொத்தினாள். ஏசியின் முனகல் மட்டும்.

"சரிங்க மேடம்," என்றார் அப்பா.

கொஞ்சம் பொறுத்து, "அதுவும் சரி."

மறுநாள் அறுவை சிகிச்சை சிக்கலில்லாமல் முடிந்தது. குழந்தை கண் விழித்து அம்மாவைக் கூப்பிட்டது. பெற்றோர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். டீச்சர் ஓடிப்போய் உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் பேசப் பேச, அவர்கள் தலையாட்டியபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார்கள்.

சாயங்காலம் குழந்தையை அழைத்துப்போக யாரும் இல்லை.