அப்பா ஊதிய விசில்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் பட்டாசு. பத்து வயதாகிறது. ஒரு நிமிடமாவது சும்மா உட்கார்ந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுடைய தம்பி வாலு. அவனைப் பற்றிப் பெயரே சொல்லிவிடும்.

அன்று நான்கு பேரும் ஏரிக்குப் படகு சவாரி போகக் கிளம்பினார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா பஸ் கண்டக்டர். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைசிப் படகு நான்கு மணிக்கு.

பஸ்ஸில் அம்மாவும் வாலுவும் முன்னால் உட்கார்ந்தார்கள். பட்டாசும் அப்பாவும் பின்வாசல் பக்கம். ஏரி ஸ்டாப் வந்ததும் பட்டாசு குதித்து இறங்கினாள். அப்பா பின்னாலேயே இறங்கி, "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. லீவு நாளிலும் சட்டைப்பையில் இருக்கும் விசிலை எடுத்தார். பழக்க தோஷம்! பீ...ப் பீ...ப்!

பஸ் போய்விட்டது.

"அப்பா, அம்மா எங்கே?"

அப்பா பேய் அறைந்தது போல நின்றார். வாலுவின் செருப்பு சீட்டுக்கு அடியில் போய்விட்டது, அம்மா குனிந்து தேடிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"போன் பண்ணுங்கப்பா!"

"என் போனும் அம்மா பையிலதான் இருக்கு."

அடுத்த பஸ்ஸைப் பிடித்து, அடுத்த ஸ்டாப்பான சந்தைக்கு ஓடினார்கள். அங்கே செருப்புத் தைப்பவர், "சின்னப் பையனோட ஒரு அம்மாவா? இப்பத்தான் ஏரிக்குப் போற பஸ்ஸில ஏறினாங்க" என்றார்.

திரும்பவும் ஏரிக்கு வந்தார்கள். ஸ்டாப்பில் இருந்த ஐஸ்காரர் தலையில் கை வைத்தார். "அடடா! உங்களைத் தேடி வந்த அம்மாகிட்ட, நீங்க சந்தைக்குப் போனீங்கன்னு சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே அவங்களும் கிளம்பிட்டாங்களே!"

பட்டாசுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா இங்கே இருந்தபோது நாம் அங்கே. நாம் இங்கே வந்தால் அம்மா அங்கே. நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. யார் யாரைத் தேடுகிறார்கள்?

சந்தைக்குப் போகும் பஸ் வந்தது. "வா, ஏறு, ஏறு!" என்றார் அப்பா.

பட்டாசு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்பா! நாம போவோம், அவங்க வருவாங்க. நாம வந்தா அவங்க போவாங்க. யாராவது ஒரு இடத்துல இருந்தாத்தானே இன்னொருத்தர் கண்டுபிடிக்க முடியும்?"

பிறகு பஸ் கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணா! சந்தை ஸ்டாப்பில எங்கம்மாவும் தம்பியும் இருப்பாங்க. தம்பி மஞ்சள் தொப்பி போட்டிருப்பான். நாங்க இங்கேயே இருக்கோம்னு சொல்லிடுங்க!"

"சொல்லிடறேன் பாப்பா!"

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஐயோ, அது என்ன கஷ்டம்! பட்டாசின் கால்கள் தாமாகவே ஆடின. ஒரு பஸ் வந்தது. அம்மா இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. கண்டக்டர் சொல்ல மறந்திருப்பாரோ? அம்மா வேறு எங்காவது தேடப் போயிருப்பாரோ?

"நான் மட்டும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" அப்பா மூன்றாவது முறையாக எழுந்தார்.

"உட்காருங்கப்பா!"

நான்கு மணி. ஏரியில் படகின் மணி அடித்தது. பட்டாசு திரும்பிப் பார்த்தாள். படகு மெல்லக் கரையை விட்டு நகர்ந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பெஞ்சை விட்டு எழவில்லை.

அடுத்த பஸ் வந்தது. முதலில் ஒரு மஞ்சள் தொப்பி இறங்கியது. பின்னாலேயே அம்மா!

அம்மா ஓடிவந்து பட்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நாங்க உங்களை வேற இடத்துல தேடலாம்னு பஸ் ஏற இருந்தோம். அந்தக் கண்டக்டர் ஜன்னல் வழியா கத்தினாரு, 'உங்க பொண்ணு ஏரி ஸ்டாப்பில அசையாம உட்கார்ந்திருக்கு'ன்னு. என் பொண்ணு இருக்க மாட்டாளேன்னு நினைச்சேன்!"

"படகு போயிடுச்சும்மா" என்று விசும்பினாள் பட்டாசு.

எல்லாரும் வாலுவைப் பார்த்தார்கள். இனி அவன் வேறு ஊரைக் கூட்டப் போகிறான்!

வாலு விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். "அக்கா, நான் இன்னிக்கு நாலு பஸ் ஏறினேன்! அடுத்த லீவுக்கும் தொலைஞ்சு போலாமா?"

கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த பட்டாசு, சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தாள்.