பூட்டில்லாத கடை

சிகுசா கடைக்குள் நுழைந்தபோது காலை ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. தலையிலும் தோளிலும் ஒட்டியிருந்த பனியைக் கதவோரத்திலேயே தட்டிவிட்டாள். ஜப்பானின் அகிதா கடற்கரையில் பிப்ரவரி மாதத்துப் பனியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது பாட்டுக்குக் கொட்டும், மனிதர்கள் பாட்டுக்கு வேலைக்குப் போவார்கள்.

பின்னறையில் சீருடையை மாட்டிக்கொண்டிருந்தபோது, இரவு முழுக்கக் கடையைப் பார்த்துக்கொண்ட நொசாக்கா கொட்டாவி விட்டபடி வந்தார்.

"நான் முன்னால கிளம்புறேன், மன்னிச்சுக்குங்க."

"களைச்சுப் போயிருப்பீங்க, போயிட்டு வாங்க."

போகிறவர் முதலாவதைச் சொல்ல வேண்டும், இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். எல்லா வேலையிடத்திலும் உள்ள வழக்கம்தான் என்றாலும் முதலாளி ஓகிட்சு இதில் ரொம்பக் கறார். "இந்த ரெண்டு பேச்சும் நடந்தாத்தான் கடை கைமாறும். நடக்கலைன்னா, போனவன் இன்னும் வேலையிலதான் இருக்கான்னு அர்த்தம்" என்பார்.

இந்தப் பழக்கம் சிகுசாவின் ஐந்து வயது மகள் இரோஹாவையும் தொற்றிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் குழந்தைகள் காப்பகத்து வாசலில் சிகுசா, "நான் முன்னால கிளம்புறேன்" என்று ஆரம்பித்தாலே போதும். முடிப்பதற்குள் இரோஹா தெருவே கேட்கும்படி, "களைச்சுப் போயிருப்பே, போயிட்டு வா!" என்று கத்துவாள்.

"இன்னும் வேலையே ஆரம்பிக்கலடி, அதுக்குள்ள எங்க களைக்கிறது?"

மாலையில் முறை மாறும். காப்பகத்தை விட்டுக் கிளம்பும்போது மகள் விடைகேட்பாள், தாய் பதில் சொல்வாள். அப்பன் இல்லாத வீட்டில் அவர்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு.

பத்து மணிக்குப் பனி அள்ளும் வண்டியின் ஓட்டுநர் வந்தார். முள்ளங்கியும் மீன் உருண்டையும் சாற்றில் கொதிக்கும் ஓடென் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"முள்ளங்கி இருக்காக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. காலையிலேர்ந்து யாரும் எடுக்கல."

"எனக்காகக் காத்திருக்கு பாருங்க. என் பொண்டாட்டிகூட இப்படிக் காத்திருந்ததில்ல." சிரித்தவரின் முகம் கிளம்பும்போது மாறியது. "மத்தியானத்துக்கு மேல கடற்கரை ரோட்டை மூடுறாங்களாம். மூணு மணிக்கு வேலை முடிஞ்சதும் நிக்காதீங்க, ஓடிடுங்க."

நின்றிருக்கக் கூடாதுதான். ஆனால் மூன்று மணிக்கு அவளை மாற்ற வரவேண்டிய முதலாளி வரவில்லை. தொலைபேசிதான் வந்தது.

"சிகுசா, வண்டி பாலத்துக்கிட்டயே நிக்குதும்மா. முன்னாடி ஒரு லாரி குறுக்கே கிடக்கு."

"நாலு மணிக்கெல்லாம் நான் குழந்தையைக் கூட்டிட்டு வரணும், முதலாளி. காப்பகத்துல இன்னிக்குச் சீக்கிரம் மூடுறாங்க. கடையைப் பூட்டிட்டுப் போயிடட்டுமா?"

"எதை வெச்சுப் பூட்டுவே? அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாதே. திறந்த நாள்லேர்ந்து மூடினதே இல்ல."

"அப்ப அப்படியே விட்டுட்டுப் போறேன்."

"மாத்தாள் வராமப் போகக்கூடாதும்மா. நான் வந்துடுறேன். சத்தியமா வந்துடுறேன்."

இதே சத்தியத்தை அவர் இரண்டு வருடத்துக்கு முன்பும் செய்திருந்தார். அன்றும் இப்படித்தான் பனி கொட்டியது. கடையில் தனியாக நின்றவள் அவருடைய மனைவி தொமோயெ. ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல் என்று நின்றாள். அவர் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, பான அலமாரிக்குப் பின்னால் உள்ள குளிர் அறையில் தேநீர்ப் புட்டியைக் கையில் பிடித்தபடி விறைத்துக் கிடந்தாள். அன்றைக்கும் வாசலில் பெயர்ப்பலகை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்காகச் சிகுசா அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் வேலை கொடுக்கிறார்கள்?

மூன்றரை ஆனது. ஒரு வாடிக்கையாளரும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே சாலை, வண்டி நிறுத்துமிடம், கடல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டன. அவள் மேலங்கியை எடுத்து மாட்டினாள். என்ன ஆனாலும் சரி, போய்விடுவது.

கதவு மணி ஒலித்தது. கதவு திறந்தது.

"வாங்க, வாங்க!" என்றாள், பழக்கத்தில்.

யாரும் இல்லை. காற்றுதான்.

"வாங்க, வாங்க..."

கடையில் ஒருவர் வரவேற்றால் மற்ற ஊழியர்களும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் வேலையில் இருந்தால் அப்படித்தான் கேட்கும். ஆனால் இன்று சிகுசா ஒருத்திதான் இருந்தாள்.

குரல் பான அலமாரியின் பின்னாலிருந்து வந்தது.

அலமாரிக் கண்ணாடிக்குள் புட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றைப் பின்பக்கத்துக் குளிர் அறையில் நின்றுதான் அடுக்குவார்கள். பச்சைத் தேநீர் வரிசையில் முன்னால் இருந்ததை யாரோ எடுத்தது போல ஒரு புட்டி மெல்லச் சரிந்து முன்னுக்கு வந்தது. பிறகு இன்னொன்று. அந்த வரிசை காலியானது. அதன் வழியாக உள்ளிருட்டு தெரிந்தது.

ஓடென் சட்டியின் வாசனை போய்விட்டது. ஈர அட்டைப்பெட்டியின் நாற்றம் வந்தது.

அந்த இடைவெளியில் சீருடையின் கோடுகள் தெரிந்தன. அதற்கு மேலே ஒரு முகவாய். உதடு நீலமாக இருந்தது. அது ரொம்ப மரியாதையாக அசைந்தது.

"நான் முன்னால கிளம்புறேன்... மன்னிச்சுக்குங்க."

நான்கு வருடமாக, நாளுக்கு இரண்டு மூன்று முறை சொன்ன பதில். யோசித்துச் சொல்கிற பேச்சா அது? பயத்தில் அறிவு உறைந்து நின்றது, ஆனால் நாக்கு நிற்கவில்லை.

"களைச்சுப் போயிருப்பீங்க, போயிட்டு வாங்க."

உள்ளே யாரோ நீண்ட பெருமூச்சு விட்டார்கள். கதவு மணி ஒலித்தது. வெளிப்பனியில் காலடித் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, கடற்கரைச் சாலையில் இறங்கி மறைந்தன.

சிகுசா கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கதவு திறக்கவில்லை.

ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு அது. கையை ஆட்டினாள். குதித்தாள். கண்ணாடியைப் பிடித்துப் பிளக்கப் பார்த்தாள். ஓர் ஆள் நிற்பதே அந்தக் கதவுக்குத் தெரியவில்லை. பூட்டே இல்லாத கதவு.

அந்த நேரத்தில் பனி அள்ளும் ஓட்டுநர் திரும்பி வந்தார். அவருக்குக் கதவு திறந்தது. "அண்ணே! அண்ணே, என்னைக் கூட்டிட்டுப் போங்க!" என்று அவர் முகத்துக்கு நேராக அலறினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருமே இல்லையா? அப்பாடா, அந்தக்கா கிளம்பிட்டாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியேறினார். அவர் முதுகோடு ஒட்டி அவளும் கால் எடுத்து வைத்தாள்.

கால் பட்ட இடம் பனி அல்ல. குளிர் அறையின் உலோகத் தரை.

மறுபடி ஓடினாள். மறுபடி குளிர் அறை. எத்தனை முறை என்று அவளுக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவள் விரல்கள் கருவியைப் புகை போல ஊடுருவின. காப்பகத்து ஆசிரியையின் குரல் தானாகப் பதிவானது. "இரோஹாவோட அம்மாங்களா? எல்லாரும் போயாச்சு. இவ மட்டும் காலணி போட்டுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருக்கா. அம்மா இப்ப வந்துருவாங்கன்னு சொல்றா, உள்ள வரமாட்டேங்கிறா."

சிகுசா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கண்ணீர் விழுவதற்குள் உறைந்தது.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. இரோஹாவின் கையைப் பிடித்தபடி ஓகிட்சு உள்ளே வந்தார். காப்பகத்தில் கொடுத்திருந்த அவசரத் தொடர்பு எண் கடை முதலாளியுடையதுதான். சிகுசா பதில் சொன்ன இடத்திலேயே, கல்லாவுக்குப் பின்னால் தரையில், அவளுடைய மேலங்கியும் கைப்பையும் கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"சிகுசா? சிகுசாம்மா?"

இரோஹா கையை உதறிவிட்டு நேராகப் பான அலமாரிக்கு வந்தாள். காலியாக இருந்த தேநீர் வரிசையில் கண்ணை வைத்தாள். சிரித்தாள்.

"அம்மா, அங்க என்ன பண்றே?"

மகளுக்குத் தெரிகிறது!

சிகுசாவின் தொண்டையில் அந்தப் பேச்சு ஏறி வந்தது. நான் முன்னால கிளம்புறேன். அவ்வளவுதான், யாராவது பதில் சொன்னால் போதும், வெளியே போய்விடலாம். முதலாளியிடம் சொல்லிவிடலாம். அவருக்கு இது தகும். ஆனால் பதில் சொல்வதில் இரோஹாவை யாரும் முந்த முடியாது. முடிப்பதற்குள் கத்திவிடுவாள்.

உதடு தானாகப் பிரிந்தது. "நான்..." என்று குரலும் கிளம்பிவிட்டது.

இரோஹா உற்சாகமாக மூச்சை இழுத்தாள்.

சிகுசா தன் கைமுட்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பல் எலும்பில் பட்டது. விடவில்லை.

காத்திருந்த குழந்தைக்கு முகம் வாடியது. "அம்மா பேசமாட்டேங்கிறா."

அந்த அலமாரியின் பக்கம் ஓகிட்சு திரும்பவே இல்லை. "வாம்மா, போயிடலாம். இங்க நிக்கக் கூடாது" என்று குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

கதவு திறந்தது. அவருடைய தோளுக்கு மேலாக இரோஹா திரும்பிப் பார்த்தாள். மாலைநேர முறை அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கை அசைத்தாள்.

"அம்மா, நான் முன்னால கிளம்புறேன்! மன்னிச்சுக்கோ!"

சிகுசா முட்டியை வாயிலிருந்து எடுத்தாள். பதில் சொன்னால் யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தினமும் காப்பகத்து வாசலில் சொல்கிற அதே குரலில், அழுகை கலக்காமல் சொன்னாள்.

"களைச்சுப் போயிருப்பே, கண்ணு. போயிட்டு வா."

ஓகிட்சுவுக்கும் அது கேட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு பனிக்குள் ஓடினார்.

அடுத்த மாதமே கடை வேறு முதலாளிக்குப் போனது. பெயர்ப்பலகை விளக்கு இன்றும் அணைவதில்லை. இப்போது அங்கே வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல், தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுகிறார்கள்.

பதில் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.