கட்டு அவிழ்க்கும் முன்

"என் பிள்ளை கண்ணைக் கெடுத்தது போதாதா? இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நீ வர வேண்டாம்!"

மாமியார் வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கணவனின் சலவைச் சட்டையோடு வந்த மருமகள் தலைகுனிந்தாள். ஆறு மாதமாக அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமா நஞ்சமா!

அவள் கணவன் பட்டறையில் வெல்டர். ஒரு மதியம் கிரைண்டர் கல் உடைந்து தெறித்ததில் இடக்கண் போயிற்று, வலக்கண் இருண்டது. கட்டிலில் கிடந்தபடி அவன் தாயிடம், "இவ போன் பண்ணா... அதை எடுக்கத்தான் கண்ணாடியைக் கழட்டினேன்" என்றான்.

கதவோரம் நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று அவள் போன் செய்யவே இல்லை! பாதுகாப்புக் கண்ணாடியைப் போடச் சொல்லித் தினமும் கெஞ்சியவளே அவள்தான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். கண்ணும் போய், பெற்றவள் முன் மானமும் போக வேண்டுமா?

அதன்பின் விடியற்காலைதோறும் சமையலறைத் தரையில் மண்டியிட்டாள். "ஆண்டவரே, அவருக்குப் பார்வையைக் குடுங்க. அதுவரைக்கும் எனக்குப் பொறுமையைக் குடுங்க..." சில நாள் அழுகை மட்டும்தான் வரும். ஒருநாள், "இன்னும் எத்தனை நாள்?" என்று கோபித்தும் கொண்டாள். பிறகு எழுந்து அவனுக்கு முகம் துடைத்துவிடுவாள்.

போன வாரம் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. இன்று கட்டு அவிழ்க்கும் நாள்.

"அம்மா!" சுவரைத் தடவிக்கொண்டு அவன் வெளியே வந்தான். "இவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னைக்கு இவ போனே பண்ணல."

"என்னடா உளர்ற?"

"வேர்க்குதுன்னு நான்தான் கண்ணாடியைக் கழட்டி வெச்சேன். மேஸ்திரி கத்தியும் கேக்கல. உங்க முன்னாடி முட்டாளா நிக்க வெட்கமா இருந்துச்சு... பழியை இவ தலையில போட்டேன்." மனைவி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினான். "இவ ஜெபம் பண்றது தினமும் என் காதுல விழும்மா. 'அவர் பொய் சொன்னார்'னு ஆண்டவர்கிட்டகூட என்னைக் காட்டிக்குடுக்கல!"

"இப்போ எதுக்குங்க இதெல்லாம்... பார்வை வரட்டும்..." மனைவி தடுத்தாள்.

"பார்வை வந்துட்டா சந்தோஷத்துல மறந்துடுவேன். வரலேன்னா ஆத்திரத்துல மறைச்சிடுவேன். இப்பவே சொல்லிடறேன்."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி... நான் என்னென்ன பேசினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அவரால உங்க முகத்துல முழிக்க முடியாமப் போயிருக்கும், அத்தை. அந்த நேரத்துல அவருக்கு அம்மா வேண்டியிருந்துச்சு."

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடித்த கையை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை விடவில்லை.

டாக்டர் கடைசிச் சுற்றை அவிழ்த்தார். மாமியார் மருமகளை முன்னால் தள்ளினாள். அவன் கண்ணைச் சுருக்கினான், நீர் வழிந்தது, மறுபடியும் திறந்தான்.

"மங்கலாத்தான் இருக்கு..." வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "ஏய், உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"கண்ணு தெரிஞ்சதும் குறை சொல்ல ஆரம்பிச்சுட்டான் பாரு!" என்று மாமியார் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆறு மாதமாக யார் முன்பும் அழாதவள், மாமியாரின் தோளில் முகம் புதைத்துக் கதறினாள். ஆண்டவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. "நன்றி" என்பதைத் தாண்டி ஒன்றுமே வரவில்லை.