நல்லது என்று கேட்டது

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அன்று காலை மீன் விற்கிற ஒருத்தி, பக்கத்துக் கடைக்காரியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசினாள். ஏச்சு வாங்கியவளோ சிரித்த முகத்தோடு, "அப்படியா மதினி, ரொம்ப சந்தோஷம்" என்றாள். அவள் காதில் நயம்பேசி இருந்தது.

பட்டாணி அளவுக் கருவி. காதுக்குள் வைத்துக்கொண்டால் கூசும் சொல் எதுவும் கூசும் சொல்லாக உள்ளே வராது. நாம் பேசுவதையும் அது சரியாகப் புரிந்துகொள்ளும். "வெளிய போறப்ப ஒரு மாதிரியா இருக்கு" என்று முனகினால் போதும், டாக்டரின் திரையில் மலம், ரத்தம், எத்தனை நாள் என்று பளிச்சென்று விழும். பின்வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை என்றாலே தலைதெறிக்க ஓடிய ஜனம், இது வந்த பிறகு வரிசையில் நின்றது.

செய்தவர் ஆவுடையப்பன். அவருடைய அண்ணன் எட்டு மாதம் ரத்தம் போனதை மூலம் என்று மறைத்தே செத்தார். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது டாக்டர் கேட்டதற்கு, "அதெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தம்பி ஆறு வருஷம் உட்கார்ந்து இந்தக் கருவியைச் செய்தார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஆவுடையப்பன் அந்தச் சோதனைக்குப் போகவே இல்லை. வயது ஐம்பத்து நாலு. பாராட்டு விழாவில் ஒரு நிருபர், "சார், நீங்க பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டபோது, "போன வருஷமே" என்று கூசாமல் புளுகினார். அரங்கம் கைதட்டியது. பங்குனி மாதத்திலிருந்து அவருக்கே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

மனைவி உலகம்மாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கர்சீப் கூட நீங்க தொவைச்சதில்ல. இப்ப என்ன, விடியமுன்ன எந்திச்சு வேட்டி தொவைக்கீங்க?"

அவர் வாளியைக் காலால் மறைத்தார். மறைத்ததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"அங்க எல்லாரும் என்னையத் தெரிஞ்சவங்க உலகு. நான் போயி... திரும்பிப் படுத்துக்கிட்டு... எப்படி?"

"உங்க அண்ணனுக்கு நான்தான் துணி அலசினேன். உங்களுக்கும் அலச என்னால ஆகாது." அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். "மேடையில ஒரு பொய் சொன்னீங்கள்லா? போயி அத நெசமாக்கிட்டு வாங்க."

பொய் அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படுக்கையில் திரும்பிப் படுப்பதைவிட அவள் முகத்தைப் பார்ப்பது பெரிய அவமானமாக இருந்தது. மறுநாளே கிளம்பினார். உள்ளூரில் அல்ல, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு.

அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், லாரி மெக்கானிக்காக இருந்தவர், பெயர் பிச்சைக்கண்ணு. காது மந்தம். நயம்பேசியையே சத்தம் கூட்டி வைத்து காது மெஷினாகவும் பயன்படுத்தினார்.

"நமக்குப் பாளையங்கோட்டை. ஊர்ல யாராவது பாத்துட்டா அசிங்கம்லா, அதான் இங்க வந்தேன். உமக்கு எந்த ஊருவே?"

"எனக்கும் பாளையங்கோட்டைதான், அண்ணாச்சி."

பெரியவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். இரண்டு பேரும் குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார்கள், மாறி மாறி ஓடினார்கள். ஒரே கழிப்பறை. "சீக்கிரம் வாரும்வே, உயிர் போவுது!" என்று அவர் கதவைத் தட்டியபோது ஆவுடையப்பனுக்குக் கூச்சத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. சோதனை நடந்ததே தெரியவில்லை. மயக்க ஊசி, அரை மணி நேரத் தூக்கம், அவ்வளவுதான். இதற்கா இத்தனை மாதம் ஒளிந்தோம் என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

நான்கு நாள் கழித்து முடிவுக்காக இருவரும் சேர்ந்தே போனார்கள். தாளில் எழுதித் தரும் வழக்கமெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது. டாக்டர் ஜெபசீலி வாயால்தான் சொன்னாள். ஆவுடையப்பன் காதில் விழுந்தது இது: "உள்ள நல்லது இருக்கு. சௌகரியம்போல ஒருநாள் வந்துட்டுப் போங்க."

பிச்சைக்கண்ணுவுக்கும் நல்லது. பெரியவர் ஆவுடையப்பனைக் கட்டிப்பிடித்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார்.

ரத்தம் மட்டும் நிற்கவில்லை. உடம்புச் சூடு என்று ஆவுடையப்பன் இளநீர் குடித்தார்.

ஐந்து வாரம் கழித்து, குளிக்கப் போகிறவர் நயம்பேசியைக் கழற்றி வைத்த நேரத்தில் போன் அடித்தது. ஜெபசீலி.

"சார், உங்களுக்குப் பெருங்குடல்ல புற்றுநோய். நேர்ல சொன்னேன், போன்ல ரெண்டு தடவ சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'சந்தோஷம் டாக்டர்'னு வச்சிடுறீங்க! இப்ப வந்தாக்கூட எடுத்துரலாம். இன்னும் தள்ளுனா என் கையில இல்ல. அந்தப் பிச்சைக்கண்ணு சாரும் வரல. அவரும் இதேதான் சொல்றாரு."

ஆவுடையப்பன் துண்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் புரிந்தது. கருவிக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இடக்கரடக்கலை மட்டும்தான், கூசும் சொல்லை நாகரிகமாக மறைப்பது. பள்ளிக்கூட இலக்கணத்தில் அதற்கு அடுத்த வரியிலேயே மங்கலம் இருக்கிறது, கெட்டதை நல்ல சொல்லால் சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்போம், கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்பை நல்ல பாம்பு என்போம். பாடத்தில் பாதியை விடுவானேன் என்று, யாரும் கேட்காமலே, தமிழ்ப் பெருமையில் அதையும் சேர்த்துவிட்டது அவரேதான். கருவி ஒழுங்காகப் படித்திருந்தது.

குளிக்காமலே, நயம்பேசியையும் எடுக்காமல், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பிச்சைக்கண்ணு பஸ் நிலையத்து டீக்கடை பெஞ்சில் இருந்தார். சாயங்காலக் கூட்டம், உட்கார இடமில்லை.

"அண்ணாச்சி, அந்த டாக்டரம்மா..."

"தங்கமான பொண்ணுவே! வாங்க வாங்கன்னு வாரம் தவறாம கூப்பிடுது. மரியாதைக்குக் கூப்பிடுதவங்க வீட்டுக்கெல்லாம் போக முடியுமா?"

ஆவுடையப்பன் பெரியவரின் காதிலிருந்து நயம்பேசியைப் பிடுங்கினார். "என்னவே, எனக்கு ஒண்ணும் கேக்காதே!" என்று அவர் காதைக் குவித்து நீட்டினார். இனிக் கத்தித்தான் ஆக வேண்டும், அதுவும் இத்தனை பேர் நடுவில். சொந்தப் பெண்டாட்டியிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத சொற்கள். அண்ணன் சொல்லாமலே போன சொற்கள்.

"அண்ணாச்சி!" தொண்டை கிழியக் கத்தினார். "மலத்துல ரத்தம் போகுதுல்லா, அது புத்துநோய்! குடல்ல இருக்கு! உமக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு! நான் செஞ்ச மெஷினு நல்லதுன்னு பொய் சொல்லிட்டுது! நாளைக்கே போவணும், இல்லன்னா செத்துருவோம்!"

எல்லாத் தலையும் திரும்பியது. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், உடம்பெல்லாம் கூசியது.

பிச்சைக்கண்ணு மெல்ல டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சு வாரம் ஆச்சேவே..." என்றார்.

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் மலர்ந்த முகத்தோடு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காதிலும் ஒரு பட்டாணி. முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு கடையே தட்டியது.

"ரெண்டு பேருக்குமே நல்லதா? வாழ்த்துகள் சார்!" என்று டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "உக்காருங்க, சக்கரை தூக்கலா ஒரு டீ போடுதேன்."