டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மூளை

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் கொட்டிய மழைக்குக் கொஞ்சமும் இங்கிதமே இல்லை. ஸ்கேன் சென்டர் வாசலில் அம்மாவின் எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கியபடி குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த துர்கா மேல், நனையாமலிருக்கத் தலைக்கு மேல் பெரிய கவரைப் பிடித்தபடி ஓடிவந்த ஒருவன்... டமால்!

இரண்டு கவர்களும் தண்ணீரில்.

"கண்ணு தெரியாதா சார்?"

"நீங்க குடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா எப்படிங்க தெரியும்?"

சிரித்தான். அப்பப்பா... என்ன கண்கள்! தூங்கி நாளானது போலவும் இருந்தது, இப்போதுதான் விழித்தது போலவும் இருந்தது. பதில் தேடுவதற்குள் பம்மல் ஷேர் ஆட்டோ கிளம்ப, கைக்கு வந்த கவரை அள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள்.

வீட்டில் அம்மாவின் முட்டி எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்... ஐயோ, வரிசை வரிசையாக மூளை! ஓரத்தில் இளமாறன் என்று பேர்.

"ஏன்டி, என் முட்டி இப்படியா சுருங்கிப்போச்சு?" என்றாள் அம்மா.

மறுநாள் ஸ்கேன் சென்டரில் நம்பர் வாங்கி போன் போட்டால், மதியம் வரை எடுக்கவே இல்லை. ஒருவழியாக எடுத்துப் பேசி, சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு வந்தவன், அவளைப் பார்த்ததுமே சிரித்தான்.

"உங்கம்மா முட்டியால என் கல்யாணம் நின்னுபோச்சுங்க!"

கூடுவாஞ்சேரிக்குப் பெண் பார்க்கப் போனார்களாம். பையனுக்குத் தலையில் கோளாறு என்று பெண்ணின் மாமாவிடம் யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். இளமாறனின் அப்பா சும்மா விடுவாரா? ஜாதகத்தோடு ஸ்கேனையும் கொண்டுபோய், "மூளை எவ்ளோ சுத்தமா இருக்கு, நீங்களே பாருங்க!" என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாராம்.

"சார்... இது முட்டியாச்சே!" என்றாராம் மாமா.

துர்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் உண்மையைச் சொல்லிட்டேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு பைபோலார்ங்க. ஒரு சமயம் தூக்கமே இல்லாம பறப்பேன்... ஒரு சமயம் படுக்கையை விட்டு எழவே முடியாது. இப்போ மாத்திரையில நல்லா இருக்கேன். நிறைய பேர் படத்தை ஒண்ணா வெச்சு ஆராய்ச்சி பண்ணா சின்னச் சின்ன வித்தியாசம் தெரியலாமாம். ஒருத்தன் படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டார். அப்பாதான் அடம்பிடிச்சு வேற இடத்துல எடுக்கவெச்சார்."

"பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே..."

பாவி, சொல்லிவிட்டாள்!

அவன் முகம் சட்டென்று மாறியது. "பார்த்தா எப்படிங்க தெரியணும்? சட்டையைக் கிழிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

அவள் கையிலிருந்த கவரை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டான்... அம்மாவின் முட்டியையும் சேர்த்து!

'நானா கூப்பிடுவேன்? அவரே கூப்பிடட்டும்!' என்று துர்கா முறுக்கிக்கொண்டாள். ஆனால் போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு ஏழாம் வகுப்புக் கணக்கைப் போட்டாள். சோறு இறங்கவில்லை. என்ன வியாதியோ என்று அன்று டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் படத்தில் கறை தேடியவள்தானே அவளும்? நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"டாக்டர் கேக்கறார், என் முட்டி எங்கடி?" என்று அம்மா கத்தியதுதான் தாமதம், ஓடிப்போய் நம்பரை அழுத்தினாள்.

மறுபடியும் அதே மேம்பாலம், அதே மழை. அவன் கவரை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. உங்க படத்துல ஏதாவது தெரியுதான்னு நானும்தான் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் தலையையும் ஒரு படம் எடுங்க. நார்மல்னுதான் வரும். ஆனா ஒரு வாரமா நான் நார்மலாவே இல்ல. எந்நேரமும் உங்க ஞாபகம்தான்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

கீழே தடதடத்துப் போன ரயிலைப் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"எனக்கு அந்தக் குடைச் சண்டையிலேயே பிடிச்சுப்போச்சு. ஆனா துர்கா... திரும்ப வந்துச்சுன்னா? எழ முடியாம படுத்துட்டேன்னா?"

"எழுப்பிப் பார்ப்பேன். எழலைன்னா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

"அப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வாங்க. டாக்டர் எழுதின மாத்திரைச் சீட்டை மறக்காம எடுத்துட்டு வாங்க... ஸ்கேன் வேண்டாம்."