தராசின் மறுதட்டு

"ஏட்டி ஜெயா, உனக்க சதையில கொஞ்சம் எனக்குத் தாறியா?"

"அள்ளிக்கோ அக்கா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. ரெண்டு ஆளுக்க துணி இவ ஒருத்திக்கு வேண்டியிருக்குன்னு அம்மை தையக்காரன் முன்னால வச்சு வையாமலாவது இருப்பா."

"சொன்ன சொல்லு மாறப்பிடாது."

"மாறல்ல. ஆமென்."

"ஆமென்" என்று ராகேலும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. போர்வைக்கு அடியில் ஓர் ஆள் கிடக்கிறாள் என்றே தெரியாத அளவுக்கு க்ஷயரோகம் அவளைத் தின்றிருந்தது. ஜெயபாய் முதுகைத் தடவிக்கொடுத்தபோது விரலில் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. யூக்கலிப்டஸ் தைலமும் புளித்த வேர்வையும் கலந்த வாடை அடித்தது.

இருமல் அடங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "இன்னொண்ணும் உங்கிட்ட கேக்கணும் மக்கா. இப்ப வேண்டாம். எழும்பி நிக்கப் பலம் வரட்டும், பெறகு கேக்கேன்."

"இப்பவே கேளேன்."

"படுத்துக் கெடந்து கேக்கிய காரியம் இல்ல அது."

அந்த வாரமே அவளைக் கல்லறைத் தோட்டத்தில், கொல்லாமரத்து நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்க நினைத்ததைக் கேட்காமலே போய்விட்டாள்.

வருஷங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக் கொப்பரைப் புரையில் எடை பார்க்க ஏறிய தராசுத் தட்டிலிருந்து இறங்கி நின்றபோது ஜெயபாய்க்கு அந்தப் பேச்சு திடீரென்று நினைவுக்கு வந்தது. காரணம் அந்தத் தராசுதான். அவள் ஒரு தட்டிலிருந்து இறங்கிவிட்டாள். மறுதட்டிலிருந்த இரும்புக் கற்களையெல்லாம் அவள் கணவர் ரசலையன் எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டார். இரண்டு தட்டும் காலி. ஆனாலும் மறுதட்டு ஒரு விரற்கடை தாழ்ந்தே நின்றது.

"துருப்பிடிச்சிருக்கும்" என்று ரசலையன் தராசுக் கோலின் அச்சில் தேங்காயெண்ணெய் விட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "ஏட்டி, ஒரு கல்லு குறைஞ்சிருக்கு. கொப்பரையா இருந்தா ஏவாரி சண்டைக்கு வருவான். நீங்கிறதால நான் சும்மா விடுகேன்."

அவள் சிரித்தாள். அவரோடு இருந்தால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

ராகேல் போன மறு வருஷம் அக்காளின் புருஷனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில், ஆற்றோரத் தோப்புக்கு நடுவே வீடு; பின்முற்றத்தில் கொப்பரை உலர்த்தி எடைபோடும் புரை. செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை ஒப்பிட்டுப் பேசாத மனுஷன். குறை ஒன்றுதான். இரண்டு முறை பிள்ளை வயிற்றில் தங்கியது. இரண்டு முறையும் போய்விட்டது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளை நன்றாகச் சோதித்துவிட்டு, "இந்தப் பாரத்தை உன் இருதயம் தாங்காது. முதலில் உடம்பைக் குறை, பிறகு பிள்ளை" என்றார். "தினமும் நட. சோறும் கிழங்கும் பாதியாக்கு. பட்டினி மட்டும் கிடக்காதே. கொஞ்ச நாள் அசதி இருக்கும், போய்விடும். போகாவிட்டால் உடனே என்னிடம் வா."

பாதி என்றதை ஜெயபாய் காலாக்கினாள். பிள்ளை ஆசை அப்படி. காலையில் நீராகாரம், மத்தியானம் ஒரு கை சோறும் அவித்த பயறும், இரவில் மோர். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொதிக்கிற அடுக்களையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெல் குத்தினாள். கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். சாயங்காலம் ஆற்றோரமாகக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் ஆறு கடலில் சேருகிற பொழிமுகம்வரை நடந்து திரும்பினாள்.

"நாங்க கிடைக்காம பட்டினி கெடக்கோம், நீங்க கிடைச்சும் பட்டினி கெடக்கிய" என்று தேங்காய் உடைக்க வருகிற ஜெபகனி வாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்க மாப்பிளைக்கிட்ட இதைச் சொன்னா நம்பமாட்டாரு."

அசதி வந்தது. டாக்டரம்மா சொன்னதுதானே என்று பொறுத்துக்கொண்டாள். ஆனால் அது போகவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே முந்தின நாள் முழுக்க யாரோ அவளை உலக்கையால் குத்திப் போட்டதுபோல இருந்தது. வாளிக் கயிறு கைக்குள் நழுவியது. கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கையில் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எங்கே பார்த்தாலும் படுப்பதற்கு இடம்தான் கண்ணில் பட்டது: உலர்ந்த ஓலைக்குவியல், உமிச்சாக்கு, நிழல் விழுந்த மணல். சற்றே படுத்தால் போதும், ஒரே ஒரு நிமிஷம், என்று உடம்பு கெஞ்சியது.

சனிக்கிழமைதோறும் ஒரு கல் குறைந்தது. மறுதட்டு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. கொப்பரை எடைபோடும்போது தராசு நேராகத்தான் நின்றது; ஜெயபாய் வந்து பக்கத்தில் நின்றால் மட்டும் அந்தக் காலித் தட்டு மெல்ல இறங்கியது. ரசலையன் இப்போது அதைப் பற்றிக் கேலி பேசுவதில்லை.

ஒருநாள் குளிக்கும்போது இடது மணிக்கட்டைத் தேய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிறுவயதில் கஞ்சிப்பானை சுட்ட தழும்பு, புளியிலை அளவுக்கு அங்கே இருந்தது. இப்போது இல்லை. தோல் வழுவழுவென்று, யாருடைய கையோபோல இருந்தது. சதை குறைந்தால் தழும்பும் குறையுமா?

மறுநாள் ஜெபகனி கொப்பரை வாரிக்கொண்டே சொன்னாள்: "என்னத்த மெலிஞ்சிய? நேத்து அந்திக்கு ஆத்தங்கரையில நல்லா கொழுகொழுன்னு, நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனிய. கூப்பிட்டேன், திரும்பிக்கூட பாக்கல்ல. அவ்வளவு பெருமையோ?"

"நேத்து நான் நடக்கப் போகல்லையே அக்கா. தலை சுத்தினதால வீட்லதான் கெடந்தேன்."

ஜெபகனியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெயபாயின் முகத்தை, கழுத்தெலும்பை, தோளில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அன்றைக்கு வெயில் இறங்குமுன்பே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஜெயபாய் நடக்கப் போனாள். போகாவிட்டால் ஜெபகனி சொன்னது உண்மையாகிவிடும் என்று பட்டது. ஈரமணல். ஆற்றில் ஓடமில்லை. பொழிமுகத்தில் கடல் அடிக்கிற சத்தம், தூரத்தில் கதவைச் சாத்துவதுபோல விட்டு விட்டுக் கேட்டது. திரும்பி வரும்போதுதான் தன் காலடித்தடத்தைப் பார்த்தாள். பறவை நடந்ததுபோல, மணலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தடம். அகலமாக, ஆழமாக, குதிகால் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கிற அளவுக்குப் பாரமான தடம். அவளோடு சேர்ந்து வந்திருந்தது. அவள் நின்ற இடத்தில் நின்றிருந்தது. அது தொடங்கிய இடத்தை அவள் தேடவேண்டியிருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரிடைவெளியிலிருந்து அது இறங்கி வந்திருந்தது.

கொல்லாமரத்தின் பக்கம் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். ஓட நினைத்தாள். ஓட உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

காலையில் நீராகாரத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு ரசலையன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "ராத்திரி அடுக்களையில நீ இருந்து சாப்பிட்டதைப் பாத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கிழங்கும் மீனுமா, ஆசை ஆசையா. கூப்பிடல்ல. வெட்கப்பட்டு நிறுத்திருவியேன்னு சத்தமில்லாம திரும்பி வந்துட்டேன். சாப்பிடு மக்கா. பிள்ளை இல்லாட்டியும் எனக்கு நீ போதும்."

மீன்சட்டி துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது. ஜெயபாயின் நாக்கில் நேற்றைய மோரின் புளிப்பு மட்டும்தான்.

"திரும்பி வந்தப்ப," அவள் மெல்லக் கேட்டாள், "கட்டில்ல நான் இருந்தேனா?"

அவர் யோசித்தார். "பாக்கல்லையே. போர்வைதான் கெடந்தது. அடியில ஆள் இருக்கிய மாதிரித் தெரியல்ல."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இனி குறைக்க வேண்டாம். எனக்குச் சாப்பிடணும்."

"நாளைக்கு விடிஞ்சதும் வில்வண்டி வரச் சொல்லுகேன்" என்று அவர் சொன்னார். தானே சோறு போட்டுப் பிசைந்து ஊட்டினார். அவள் தின்றாள். அழுதுகொண்டே, தட்டு காலியாகும்வரை தின்றாள். ஆனால் வயிறு நிறையவில்லை. விழுங்கிய சோறு வேறு எங்கோ போய்ச் சேர்வதுபோல இருந்தது.

மாலையில் மழை பிடித்தது. ரசலையன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கொப்பரைப் புரையின் சன்னல் காற்றில் அடித்துக்கொண்டது. திறந்து கிடந்தால் காய்ந்த கொப்பரை முழுக்க நனைந்து பூசணம் பூத்துவிடும். ஜெயபாய் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, முற்றத்தைக் கடந்தாள்.

உள்ளே காறிய எண்ணெய் வாடையும் தேங்காய்த் தொண்டுப் புகையின் கரிப்பும் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. முதலில் மெல்லியதாக. பிறகு நெருங்கி வந்து. யூக்கலிப்டஸ் தைலம்.

விளக்கைத் தரையில் வைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினாள். கொண்டி போட்டாள். உட்கார வேண்டும். எங்காவது. கைக்கெட்டியது தராசுத் தட்டு. ஒரே ஒரு நிமிஷம் என்று அதில் உட்கார்ந்தாள். மறுதட்டில் ஒன்றுமில்லை. ஒரு கல்கூட இல்லை. தட்டு தரையில் போய் முட்டவேண்டும்.

முட்டவில்லை.

ஏறியது.

மெல்ல. சத்தமில்லாமல். அவளுடைய கால் தரையைவிட்டு எழுந்தது. மேலே கோல் கிறீச்சிட்டது. மறுதட்டின் கயிறுகள் விறைத்தன. அது இறங்கியது. இறங்கி, தொம்மென்று தரையில் உட்கார்ந்தது.

விளக்கு கீழே இருந்தது. வெளிச்சம் மறுதட்டின் விளிம்புவரைதான் போனது. அங்கே ஒரு பாதம். அகலமான பாதம். குதிகாலில் ஈரமணல். அதற்கு மேல் சேலை நிறைந்து பிதுங்கிய தொடை. மடியில் ஒரு கை. கொழுத்த கை. வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. மணிக்கட்டில் புளியிலை அளவு தழும்பு.

"ஜெயா!" வீட்டுக்குள்ளிருந்து ரசலையனின் குரல். "ஜெபத்துக்கு நேரமாச்சு. வாறியா?"

ஜெயபாய் வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை.

"இன்னா வாறேன்!"

அவளுடைய குரல்தான். கீழேயிருந்து வந்தது. திடமாக, நிறைந்த நெஞ்சிலிருந்து.

உட்கார்ந்திருந்தவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். நின்றாள். பலமாக, நேராக நின்றாள். அவள் எழுந்த பிறகும் ஜெயபாயின் தட்டு இறங்கவில்லை.

அவள் நடந்து வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்ந்தது. தட்டின் கயிற்றைப் பிடித்து, தொட்டிலை ஆட்டுவதுபோல மெதுவாக ஆட்டினாள். வெளிச்சத்துக்கு வந்த முகம் ஜெயபாயினுடையது. கன்னத்து மடிப்பும் இரட்டை நாடியும் ஜெயபாயினுடையவை. கண்கள் மட்டும் அக்காவுடையவை. அன்புதான் இருந்தது அவற்றில். அன்பும், ரொம்ப நாள் படுத்துக் கிடந்தவளின் அலுப்பும்.

சூடான கை வந்து ஜெயபாயின் நெற்றி முடியை ஒதுக்கியது.

"அன்னைக்கு உங்கிட்ட இன்னொண்ணு கேக்கணும்னு சொன்னேனே, ஓர்மை இருக்கா மக்கா?"

தொட்டில் ஆடியது. மழை ஓய்ந்திருந்தது. ஜெயபாயின் கண் தானாகச் செருகியது. எவ்வளவு அசதி. எவ்வளவு அசதி.

"எனக்க எடத்துல நீ கொஞ்சம் படுத்துக்கிடுவியா?"