படத்தில் விழுந்த கை

"இன்னும் ஒரு டம்ளர்தான் கீதுக்கா. மூக்கைப் புடிச்சிக்கினு உட்டுரு."

"மூணு பாட்டில் ஆச்சி செங்கொடி. வாந்தி வந்தா நீதான் அள்ளணும்."

"அள்ளறேன், குடி. போன தபா குடல் வெள்ளையா பளபளன்னு நின்னுச்சி. கட்டி எது குடல் எதுன்னு டாக்டருக்கே புரியல. இந்த அன்னாசி ஜூஸ் எறங்குச்சின்னா குடல் கறுத்துடும். மிச்சது தனியா தெரியும்."

கட்டி தனியாகத் தெரிந்தால் கருப்பை தப்பும். ஒட்டிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை ஆபரேஷனில் இரண்டையும் எடுத்துவிடுவார்கள். ஏழு வருஷமாக ஒரு குழந்தைக்குக் காத்திருக்கும் கரோலின், திருவொற்றியூர் ஸ்கேன் சென்டரின் பச்சை கவுனில் உட்கார்ந்து, கடைசி டம்ளரையும் கவிழ்த்தாள். சாறு சில்லென்று இறங்கியது. அடிவயிற்றில், அதற்கு வழிவிடுவதுபோல, ஏதோ ஒன்று மெல்ல ஒதுங்கி உட்கார்ந்தது.

"கட்டி நகருமாடி?"

"வாயுக்கா அது. வா, படு."

இடுப்புக்கு மேல் பட்டையைக் கட்டி, காதில் ஹெட்போனை மாட்டி, பலகையை எந்திரத்துக்குள் தள்ளிவிட்டு, படம் பார்க்கும் அடுத்த அறைக்குப் போனாள் ஸ்கேன் எடுக்கும் செங்கொடி. மூக்குக்கு அரையடி மேலே வெள்ளைக் கூரை; ராயபுரம் யார்டில் கூட்ஸ் வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதுபோல எந்திரம் விடாமல் இடித்தது; அவள் விட்ட மூச்சே புளித்த அன்னாசி வாடையாகத் திரும்பி அவள் முகத்தில் படிந்தது.

இடி நின்றது. காதில் செங்கொடியின் குரல்.

"அக்கா, கை படத்துல உழுது. ரெண்டையும் தலைக்கு மேல வச்சிக்கோ."

விலாவோரம் கிடந்த கைகளைத் தூக்கி, தலைக்கு மேல் கோத்துக்கொண்டாள். மறுபடி இடி. மறுபடி நின்றது.

"இன்னும் கீதுக்கா."

"மேலதான் வச்சிகினு கீறேன்."

ஹெட்போனில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம். அப்புறம் மூச்சு. வேகமான மூச்சு.

"செங்கொடி?"

"குடல் நல்லா கறுத்துடுச்சிக்கா." குரல் தாழ்ந்திருந்தது. "நடுவுல வெள்ளையா... அஞ்சு வெரலு. நகம் கூட தெரியுது. பெரிய ஆளு கை. கருப்பையைப் புடிச்சிகினு கீது."

கரோலின் தன் விரல்களை இறுக்கினாள். பத்தும் தலைக்கு மேல்தான். குளிர்ந்திருந்தன. அசையவில்லை.

அடிவயிற்றில் ஒரு விரல் மடங்கியது.

இன்னொன்று.

இன்னொன்று.

"இறுக்குதுக்கா," என்றாள் செங்கொடி. அழுதுகொண்டிருந்தாள். "கையை எடுக்கச் சொல்லுக்கா. நீ சொன்னா கேக்கும். சொல்லு."